ஏல முற்றத்தில் விலை வைப்பது யார்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

தோழர்களே!

ஏலம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்டோரா போட்டதையும், அமீனா வந்து அண்டாவையும் குண்டானையும் வாசலில் எடுத்து வைத்ததையும் நம் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!" அவ்வளவுதான். ஒரு குடும்பம் முப்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்தது மூன்று மூச்சில் கைமாறிப் போகும்.

இன்று நான் பேச வந்தது அமெரிக்க நாட்டு ஏலங்களைப் பற்றி. அங்கே குடியானவர்களின் பழைய கலப்பையும், விதைக்கும் இயந்திரமும், டிராக்டரும் ஏலத்துக்கு வந்த கதை. வரும் வழியில் ஒரு தோழர் கேட்டார்: "அவன் டிராக்டர் வைத்திருப்பவன். நம்மிடம் மண்வெட்டியைத் தவிர என்ன இருக்கிறது? அவன் ஏலத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்வி. கதையின் நடுவில் அதற்குப் பதில் தானே வரும்.

ஒரு சாமானின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டால், படித்தவர்கள் "மார்க்கெட்" என்பார்கள். மழை பெய்வதைப் போல, வெயில் அடிப்பதைப் போல, விலையும் தானாக வருகிறது என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். நான் உங்களுக்கு மூன்று காலத்து ஏலங்களைக் காட்டுகிறேன். மூன்றும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே பிரதேசத்தில் நடந்தவை. ஒவ்வொன்றிலும் முற்றத்தில் யார் நின்றார்கள், எப்படி நின்றார்கள் என்று பாருங்கள். விலை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

ஐந்து சென்ட் ஏலம்

முதலாவது, 1930-க்குப் பின் வந்த மகா நெருக்கடிக் காலம். அமெரிக்காவின் நடுப்பகுதியில் அயோவா, நெப்ராஸ்கா, மின்னசோட்டா என்று ராஜ்யங்கள் உண்டு. மக்காச்சோளமும் கோதுமையும் விளையும் கரிசல் பூமி. 1932-இல் அங்கே சில இடங்களில் ஒரு புஷல் மக்காச்சோளம், அதாவது சுமார் 25 கிலோ, 12 சென்டுக்கும் கீழே போயிற்று. ஒரு டாலருக்கு 100 சென்ட். நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தை எரிப்பது மலிவு என்று ஜனங்கள் அடுப்பில் சோளத்தைப் போட்டு எரித்தார்கள். பட்டணத்திலோ வேலையிழந்தவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள்.

விளைச்சலின் விலை விழுந்தது, கடன் விழவில்லை. நல்ல காலத்தில் நிலத்தையும் கருவிகளையும் மாடு குதிரைகளையும் ஈடு காட்டி வாங்கிய கடன் அப்படியே நின்றது. 1933-ஆம் வருஷத்தில் நாடு முழுவதும் ஆயிரம் பண்ணைக்கு ஏறக்குறைய 39 பண்ணை வீதம் கடனுக்காகப் பறிபோயின.

1931-இல் நெப்ராஸ்காவில் மாடிசன் ஜில்லாவில் ஒரு குடியானவர் குடும்பத்தின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஏறத்தாழ 150 விவசாயிகள் வந்து முற்றத்தில் நின்றார்கள். ஏலம் கூறுபவர் முதல் பொருளைக் காட்டினார். அக்கம்பக்கத்தார் ஒருவர் "ஐந்து சென்ட்" என்றார். வேறு யாரையும் அதற்கு மேலே கேட்க விடவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்! அடுத்த பொருளுக்கும் அதே கதைதான். கடைசியில் கணக்குப் பார்த்தால், வசூல் மொத்தம் 5 டாலர் 35 சென்ட்! வாங்கியவர்கள் எல்லாவற்றையும் அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவியது. 'பென்னி ஏலம்' என்று இதற்குப் பெயர் வந்தது. பென்னி என்பது ஒரு சென்ட் காசு. நம் பேச்சில் சொன்னால் காலணா ஏலம். வெளியூரிலிருந்து மலிவாக வாங்கலாம் என்று வந்த வியாபாரியின் பின்னால் திடகாத்திரமான நாலு பேர் போய் நிற்பார்கள். அவன் வாய் திறந்தால், "அந்த விலை ஜாஸ்தி இல்லையா, ஐயா?" என்று காதருகே கேட்பார்கள். சில இடங்களில் களஞ்சியத்து உத்தரத்தில் ஒரு சுருக்குக் கயிறு தொங்கும். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேச வேண்டிய அவசியமும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஏல வசூல் கடனைவிடக் குறைந்தால், மிச்சக் கடன் தலையிலேயே நிற்கும், இதுதான் சட்டம். கலப்பையும் போய், கடனும் போகாமல் நிற்பான் விவசாயி. ஆகவே ஐந்து சென்டுக்கு ஏலம் எடுத்தால் மட்டும் போதாது. அந்தச் சில்லறையை வாங்கிக்கொண்டு, கணக்கு முடிந்தது என்று பாங்கியின் ஆள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட வைத்ததுதான் முற்றத்தில் நின்ற கூட்டத்தின் வெற்றி.

ஒரு முற்றத்தில் நடந்தது ராஜ்யம் முழுவதும் நடந்தது எப்படி? ஸ்தாபனத்தால்தான். 1932 மே மாதம் அயோவாவின் டெ மாய்ன் நகரில் விவசாயிகள் கூடி 'ஃபார்மர்ஸ் ஹாலிடே' சங்கத்தை ஆரம்பித்தார்கள். மைலோ ரெனோ என்பவர் தலைவர். அவர் கம்யூனிஸ்டு அல்ல. நெப்ராஸ்காவின் மாடிசன் ஜில்லாப் பிரிவிலோ கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து வேலை செய்தார்கள்; 'மதர் புளோர்' என்று ஜனங்கள் அழைத்த எல்லா ரீவ் புளோர் அம்மையார் எழுபது வயதிலும் அந்தக் கிராமங்களில் கூட்டம் பேசினார்.

1933 ஜனவரியில் அயோவாவின் லெ மார்ஸ் ஊரில், கோர்ட்டுப் படிக்கட்டில் ஒரு நிலம் ஏலத்துக்கு வந்தது. கடன் கொடுத்த காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல், கடன் தொகைக்கும் குறைவாக ஏலம் கேட்டார். மிச்சக் கடனுக்கு விவசாயியைத் துரத்தலாம் அல்லவா? கூட்டம் அவரைப் படிக்கட்டிலிருந்து இழுத்து இறக்கி, முழுத் தொகைக்கும் கேட்கச் செய்தது. அந்த மாத முடிவுக்குள் பெரிய காப்பீட்டுக் கம்பெனிகள் சில, அயோவாவில் ஏலங்களை நிறுத்தி வைப்பதாக அறிவித்தன. 1933 பிப்ரவரியில் நெப்ராஸ்கா விவசாயிகள் ஆயிரக்கணக்கில் தலைநகர் லிங்கனுக்கு ஊர்வலம் போனார்கள். பல ராஜ்யங்களில் ஏலத்தைத் தள்ளி வைக்கும் சட்டங்கள் வந்தன. மின்னசோட்டாவின் சட்டத்தை எதிர்த்துக் கடன்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1934 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள், நால்வர் செல்லாது என்றார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் நின்றது. முற்றத்தில் நின்ற கூட்டம் இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போக அந்தச் சட்டமே பிறந்திருக்காது.

தவறுகளையும் குறைகளையும் மறைக்கக் கூடாது. 1933 ஏப்ரலில் அதே லெ மார்ஸில் ஒரு கூட்டம் பிராட்லி என்ற நீதிபதியைக் கோர்ட்டிலிருந்து இழுத்துச் சென்று, கழுத்தில் கயிற்றைப் போட்டு மிரட்டியது. அவர் உயிர் தப்பினார். ஆனால் ராணுவச் சட்டம் வந்தது, சிப்பாய்கள் வந்தார்கள், பொதுமக்களின் அனுதாபமும் குறைந்தது. ஒழுங்கான கூட்டம் சாதித்ததை ஒழுங்கு தவறிய ஒரு பகல் கெடுத்தது.

இன்னொரு குறையும் உண்டு. ஏலம் போக ஒரு கலப்பைகூட இல்லாதவன் கதி என்ன? 1933-இல் சர்க்கார் பருத்தி விளைச்சலைக் குறைக்க நிலச்சுவான்தார்களுக்குப் பணம் கொடுத்தது. தெற்கே அவர்கள் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வாரக் குடிகளை வெளியேற்றினார்கள். அந்தக் குடிகள் 1934-இல் ஆர்க்கன்சாஸில், நீக்ரோவும் வெள்ளையரும் ஒன்றாக, தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1935-இல் ஆலைத் தொழிலாளரின் சங்க உரிமைக்குச் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். மண்வெட்டிக்காரனைப் பற்றிக் கேட்ட தோழர் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

டிராக்டர் விழுந்தால் ஆலையும் விழும்

இரண்டாவது ஏலத்துக்கு வருவோம். ஐம்பது வருஷம் கழிந்தது. 1970-களில் தானிய விலை ஏறியது. "வேலி ஓரம் வரை விதையுங்கள்" என்று சர்க்காரே சொன்னது. நில விலை ஏற ஏற, பாங்கிகள் வீடு தேடி வந்து கடன் கொடுத்தன. புது டிராக்டர், புது அறுவடை இயந்திரம், எல்லாம் கடன்தான். 1979 அக்டோபரில் மத்திய ரிசர்வ் பாங்கி பணப்புழக்கத்தை இறுக்கியது. 1980 முடிவில் வட்டி 20 சதவீதத்துக்கு மேலே போயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் சோவியத் நாட்டுக்குத் தானியம் விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். விலை விழுந்தது, வட்டி ஏறியது, நடுவில் விவசாயி நசுங்கினான். அயோவாவில் 1981-இல் ஏக்கர் 2,147 டாலர் விற்ற நிலம், 1986-இல் 787 டாலர்!

மறுபடியும் முற்றங்களில் ஏலம். ஒவ்வொரு வாரமும், ஒவ்வொரு ஊரிலும். விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய டிராக்டர் கிடைத்த விலைக்குப் போயிற்று. விலை மலிவுதான், 1931-லும் மலிவுதான். ஆனால் இந்த மலிவும் அந்த மலிவும் ஒன்றா?

இல்லை, தோழர்களே! 1931-இல் மலிவு விலையில் எடுத்தவன் திருப்பிக் கொடுத்தான். 1985-இல் எடுத்தவன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். எடுத்தவர்களில் தூரத்து வியாபாரிகளும் உண்டு, தாக்குப்பிடித்து நின்ற பக்கத்துப் பண்ணைக்காரர்களும் உண்டு. "நாம் எடுக்காவிட்டால் வேறு யாரோ எடுக்கப் போகிறார்கள்" என்பது அவர்கள் சொன்ன சமாதானம். அதன் பலன் என்ன? பக்கத்து வீட்டு டிராக்டர் 5,000 டாலருக்குப் போனால், அதே மாதிரி டிராக்டரை ஈடு வைத்தவனின் கணக்கிலும் பாங்கி "5,000" என்று எழுதுகிறது. ஈடு போதவில்லை, கடனைக் கட்டு என்று அவனுக்கும் நோட்டீஸ் வருகிறது. அயலானின் சாமானை மலிவாகக் கேட்டவன், தன் சாமானின் விலையையும் சேர்த்தே குறைத்துக்கொண்டான். சாமான் போன பிறகும் மிச்சக் கடன் நின்றது.

இப்போது கேளுங்கள், ஆலைத் தோழர்களே! ஏல முற்றத்தில் பழைய டிராக்டர் மலிந்து கிடக்கும்போது புது டிராக்டரை யார் வாங்குவான்? இல்லினாய்ஸ் ராஜ்யத்தில் ராக் ஐலண்ட் என்ற ஊரில் 'ஃபார்மால்' டிராக்டர் ஆலை இருந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனிக்குச் சொந்தம். 1920-களிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் அங்கே டிராக்டர் செய்தார்கள். கம்பெனி தன் விவசாய இயந்திரப் பகுதியை வேறொரு கம்பெனிக்கு விற்றது. 1985 மே மாதம் கடைசி டிராக்டர் வெளியே வந்தது; ஆலை மூடப்பட்டது. கிராமத்து முற்றத்தில் "மூன்று தரம்" என்று சொன்ன குரல், பட்டணத்து ஆலையின் சங்கை நிறுத்தியது. "நமக்கென்ன சம்பந்தம்" என்று கேட்ட தோழருக்கு இதுதான் பதில். உழுகிறவனின் டிராக்டர் மலிவாக விழும் நாளில், அதைச் செய்கிறவனின் வேலையும் கூடவே விழுகிறது. வயலில் கூலி வேலை செய்பவனுக்கோ அதற்கும் முன்பே வேலை நின்றுவிடுகிறது.

அந்த நெருக்கடியிலும் போராட்டம் இல்லாமலில்லை. 1985 பிப்ரவரியில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் சுமார் 15,000 பேர் கூடினார்கள். பறிபோன ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வெள்ளைச் சிலுவை என்று கோர்ட்டு முற்றங்களில் நட்டார்கள். 1986-இல் குடும்பப் பண்ணைகளுக்கென்றே தனித் திவால் சட்டம் வந்தது: நிலத்தையும் கருவியையும் கையில் வைத்துக்கொண்டே தவணையில் கடனை அடைக்க வழி. அதற்குள் பல்லாயிரம் குடும்பங்கள் மண்ணைவிட்டுப் போய்விட்டன.

பழசுக்கு ஏன் கிராக்கி?

மூன்றாவது, நம் காலத்து ஏலம். 2019-இல் மின்னசோட்டாவில் நடந்த ஒரு ஏலத்தில், 1979-இல் செய்த ஜான் டியர் 4640 டிராக்டர் ஒன்று 61,000 டாலருக்குப் போயிற்று! நாற்பது வயது டிராக்டர். டிராக்டரின் வயதை மணிக்கணக்கில் பார்ப்பார்கள். இது 826 மணி நேரமே ஓடியது என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. அந்தக் காலத்து டிராக்டர்களுக்கே பொதுவாகக் கிராக்கி கூடியிருக்கிறது.

காரணம் என்ன? புதிய டிராக்டரில் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏதோ ஒரு சிறு கோளாறு வந்தால் வண்டி தானே நின்றுவிடும். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் முழு மென்பொருள் கம்பெனியிடமும் அதன் ஏஜெண்டிடமும்தான் இருந்துவந்தது. ஸ்பானரும் கையுமாக வளர்ந்த விவசாயி, அறுவடை நேரத்தில் ஏஜெண்டின் மெக்கானிக் வரும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கியவன் அவன். ஆனால் சாவி கம்பெனியிடம். ஆகவேதான் தானே பிரித்துத் தானே பூட்டக்கூடிய பழைய டிராக்டரை அவன் ஏலத்தில் விலையேற்றிக் கேட்கிறான். அந்த விலையில் இரும்புக்கு ஒரு பங்கு என்றால், சுதந்திரத்துக்கு ஒரு பங்கு.

இங்கேயும் தனித்தனியே விலை கொடுத்துக்கொண்டிருந்தால் முடிவில்லை என்று விவசாயிகள் கண்டார்கள். 'ரிப்பேர் செய்யும் உரிமை' வேண்டும் என்று கூட்டாகக் கேட்டார்கள். 2023-இல் கொலராடோ ராஜ்யம் விவசாய இயந்திரங்களுக்கு அந்த உரிமையைத் தரும் சட்டம் செய்தது. 2024 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் மத்திய வர்த்தகக் கமிஷனும் சில ராஜ்யங்களும் இந்த விஷயத்திலேயே ஜான் டியர் கம்பெனி மீது வழக்குப் போட்டன.

அதே கம்பெனியின் ஆலைகளில் 2021 அக்டோபரில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பின் நடந்த முதல் வேலைநிறுத்தம் அது. ஒரு மாதத்துக்கு மேல் நின்று, உடனடியாக 10 சதவீதக் கூலி உயர்வு பெற்றார்கள். பின்பு தானிய விலை விழுந்தது. ஏஜெண்டுகளின் முற்றங்களில் பழைய இயந்திரங்கள் குவிந்தன. 2024-இல் அயோவா, இல்லினாய்ஸ் ஆலைகளில் நூற்றுக்கணக்கானவர்களை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். பார்த்தீர்களா? மறுபடியும் அதே சங்கிலி: வயலும், ஏல முற்றமும், ஆலையும்.

நம் முற்றத்தில்

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 60-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. குடியானவன் பிழைப்பதற்கு அவசியம் என்று கோர்ட் கருதும் உழவுக் கருவியையும், மாட்டையும், விதைத் தானியத்தையும் ஜப்தி செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே கலப்பையை விட்டுவைத்தது. ஆனால் டிராக்டர் கடனில் அந்த டிராக்டரே ஈடு. தவணை தவறினால் எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். எடுத்து விற்ற பிறகு, விற்ற பணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டு என்று மறுபடி வருகிறார்கள். ஐந்து லட்சம் பெறும் வண்டியை இரண்டு லட்சத்துக்கு விற்றால், நஷ்டம் விற்றவனுக்கல்ல, நமக்குத்தான்.

ஆகவே நாம் செய்யக்கூடியது சில உண்டு. குண்டர்களை வைத்து வண்டியைப் பிடுங்குவது கூடாது என்று 2007-இல் ஒரு வாகனக் கடன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்திருக்கிறது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை எடுக்குமுன் எழுத்து மூலம் நோட்டீஸ் கேளுங்கள். ஏலத் தேதியைக் கேளுங்கள். என்ன மதிப்புப் போட்டார்கள், யாருக்கு, என்ன விலைக்கு விற்றார்கள் என்று கணக்குக் கேளுங்கள். தனியாளாகப் போய்க் கேட்காதீர்கள், சங்கத்தோடு போங்கள். தனியாளுக்கு "நாளைக்கு வா" என்பார்கள். ஐம்பது பேருக்கு நாற்காலி போடுவார்கள்.

இன்னொன்று. பக்கத்துக்காரன் டிராக்டரோ, தறியோ, தையல் மிஷினோ ஏலத்துக்கு வந்தால், "சல்லிசாகக் கிடைக்கிறதே" என்று கை தூக்குமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். மாடிசன் ஜில்லாவின் 150 பேரிடமும் பணம் அதிகம் இல்லை. நம்மைப் போலவே அவர்களும் கடன்பட்டவர்கள்தான். அவர்கள் ஒரு மதியம் வாயை மூடிக்கொண்டு ஒன்றாக நின்றார்கள். அந்த மௌனத்தின் எதிரே பாங்கியின் ஆள் ஐந்து டாலர் முப்பத்தைந்து சென்டை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

விலை எந்தச் சாமானின் முதுகிலும் எழுதியிருப்பதில்லை, தோழர்களே. முற்றத்தில் நிற்பவர்கள்தான் அதை எழுதுகிறார்கள். பிரிந்து நின்றால் கடன்காரன் எழுதுவான். சேர்ந்து நின்றால் நாம் எழுதுவோம்.